டெமோ முடியும் வரை

"பர்னரைப் பத்த வெச்சாச்சாம்மா?"

போன வேகத்தில் திரும்பி வந்து கதவை அறைந்து சாத்தியவளைப் பார்த்து லாட்ஜ் முதலாளி கேட்டார்.

"வெளிய நல்லாவே எரியுது சார். இனிமே உங்க தைரியம், என் தாழ்ப்பாளோட தைரியம்," என்றாள் டிசைனர். அவளுக்கு மூச்சு வாங்கியது.

இரண்டாவது மாடியில் முதலாளியின் அறை. பெயிண்ட் வேலைக்காக லாட்ஜை மூடிப் போட்டிருந்தார்கள். பெயிண்டர்கள் டப்பாக்களை வராந்தாவில் அடுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள்.

முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவரிடம் தாழ்ப்பாள் விற்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனால் அவளுக்கு வேறு வழியில்லை. தீயிலும் கதவை விடாமல் பிடித்திருக்கும் தாழ்ப்பாளை மண்டையைக் குடைந்து செய்திருந்தாள், ஒருத்தரும் வாங்கவில்லை. "இந்த ஆர்டரும் வரலைன்னா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஜன்னல் கொக்கி டிசைன் பண்ணு" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். காலையில் அவளே வந்து முதலாளியின் அறைக் கதவில் அதை மாட்டியிருந்தாள். வெளியே பர்னர் வைத்துக் கதவைச் சூடாக்கி, உள்ளே இருந்தபடி டெமோ காட்டுவதாகப் பேச்சு.

இப்போது மேஜை மேலிருந்த ஜக்குத் தண்ணீரை நாற்காலியில் கிடந்த துண்டில் கொட்டி, கதவின் அடி இடுக்கில் திணித்தாள்.

"ஐயையோ, என் துண்டு!"

"புதுசு வாங்கித் தரேன் சார். புகை உள்ள வந்தா உங்களுக்கு இருமல் வரும்." ஜன்னலை அகலத் திறந்து அவர் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டாள். "காத்தாட இங்க உட்காருங்க." பிறகு போனில் மளமளவென்று ஏதோ தட்டினாள்.

"யாருக்கும்மா?"

"வண்டி அனுப்பச் சொல்றேன் சார்."

"ஆர்டரே தரலை, அதுக்குள்ள வண்டியா? நல்ல ஆளும்மா நீ!" முதலாளி சிரித்தார். "காலையிலேயே சொன்னேனே, எனக்கு இதெல்லாம் தேவையே இல்லை. தீன்னு யாராவது கத்தினா போதும், முதல் ஆளா கதவைத் திறந்துட்டு ஓடறவன் நான். போன மாசம் கரண்ட் போனதுக்கே பயந்து படியில உருண்டேன்."

"நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு சார்."

"சரி, அப்படி என்னதான் இருக்கு இதுல?"

"சாதாரணத் தாழ்ப்பாள்ல ஸ்பிரிங் சூட்டுல சோர்ந்துடும். கதவு வளைஞ்சு, நாக்கு நழுவி, தானா திறந்துக்கும். இதுல சூடு ஏறினா உள்ள ஒரு சின்னத் துண்டு உருகி, ஆணி ஒண்ணு விழுந்து நாக்கைப் பிடிச்சுக்கும். தீ என்ன தள்ளினாலும் திறக்காது."

"நான் உள்ளயே மாட்டிக்கிட்டா?"

"உள்பக்கக் கைப்பிடி எப்பவும் வேலை செய்யும் சார். நீங்க நினைச்சா திறக்கலாம்."

"அப்படியா? பாத்துடுவோம்." முதலாளி எழுந்தார்.

"தொடாதீங்க!" அவள் குறுக்கே பாய்ந்தாள். "டெமோ முடியறதுக்குள்ள திறந்தா எல்லாம் வீண் சார். உட்காருங்க. மாட்டற கூலி வேண்டாம்."

"கூலி ஃப்ரீயா?" முதலாளி சட்டென்று உட்கார்ந்தார்.

கதவுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஆணி விழுந்துவிட்டது. அவள் முகம் பூவாக மலர்ந்தது.

"நீ பண்ணதுதானே? என்னமோ குழந்தை பொறந்த மாதிரி சிரிக்கிறே?"

"சந்தோஷமா இருக்கு சார். ரொம்ப சந்தோஷமா இருக்கு."

"போன் சார்ஜர் கீழ இருக்கு. ஒரு எட்டுப் போய்..." மறுபடி எழுந்தார்.

"பாதி விலை சார்! உட்காருங்க!"

முதலாளி லேசுப்பட்டவரா? தான் எழுந்தால் விலை இறங்குகிறது என்று கண்டுகொண்டார். கால் மரத்துப் போச்சு என்று எழுந்தார், கால் விலையானது. டீ குடிக்கணும் என்று எழுந்தார். அவள் கதவில் சாய்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சும்மாவே தரேன் சார். எல்லா ரூமுக்கும். தயவுபண்ணி உட்காருங்க."

"பேச்சு மாறக் கூடாது!" முதலாளி சம்மணமே போட்டுவிட்டார். "ஓசின்னா பினாயிலையும் குடிப்பேன்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா. இது தாழ்ப்பாள்தானே."

தெருவில் சைரன் அலறியது.

"பாவம், எவன் வீட்டுலயோ தீ போலிருக்கு."

"ஆமா சார். பாவம்."

ஜன்னலில் ஓர் ஏணி வந்து இடித்தது. அதன் உச்சியில் தலைக்கவசம் போட்ட தீயணைப்பு வீரர் கையை நீட்டினார்.

"அட, இவங்களையும் கூட்டிட்டு வந்துட்டியா? டெமோன்னா இது டெமோ!" கைதட்டிக்கொண்டே முதலாளி ஏணியில் இறங்கினார்.

தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தார். வராந்தா ஜன்னல் வழியே கரும்புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது, என் பெயிண்டெல்லாம் போச்சே! பர்னரைக் கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கக் கூடாதா?"

அவள் நடைபாதை ஓரம் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பர்னர் இன்னும் என் வண்டியிலதான் இருக்கு சார். அதை எடுத்துட்டு வரலாம்னு கதவைத் திறந்தப்பதான், உங்க வராந்தா எரியறதைப் பாத்தேன்."

முதலாளி மேலே பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் பக்கத்திலேயே மெல்ல உட்கார்ந்தார்.

"முழு விலையே போட்டுக்கோம்மா."