மல்லாந்த எலிகள்

மயக்க மருந்துக்கும் மலேரியாவுக்கும் இடையே, மனிதகுலம் இதுவரை அறியாத உறவு இன்று அம்பலமாகும் என்று பேராசிரியர் தெய்வசிகாமணி துணைவேந்தர் முன்னிலையில் அறிவித்தார். மாணவி பெனிட்டாவின் முனைவர் பட்டம் இந்தக் கடைசிச் சோதனையில்தான் தொங்கியது. மலேரியா எலி ஒன்று, நல்ல எலி ஒன்று. இரண்டுக்கும் ஒரே அளவு பார்பிட்யூரேட் மயக்க ஊசி போட்டு மல்லாக்கப் படுக்க வைத்திருந்தாள். மருந்தை முறிக்கும் ஈரல் கெட்டுப்போனதால் மலேரியா எலி தாமதமாகத்தான் புரள வேண்டும். அதுவோ முதல் ஆளாகப் புரண்டு எழுந்து மீசையைத் துடைத்தது.

"பாத்தீங்களா? ஒட்டுண்ணி மருந்தையே தின்னுடுச்சு!" என்றார் பேராசிரியர். துணைவேந்தர் கைதட்டினார்.

"சார், ஈரல் கெட்டா அதிகமாத் தூங்கும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"அது போன வாரத்து அறிவியல்மா."

ஒன்றும் புரியாமல் பெனிட்டா எலிக்கூடத்துக்கு ஓடினாள். எலிகளுக்குத் தீனி போடும் மரியசூசை கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க குடுத்தது மலேரியா எலிதானே?"

"அதெல்லாம் பொங்கல் லீவுலயே செத்துப்போச்சும்மா. எண்ணிக்கை குறைஞ்சா சார் கத்துவாரேன்னு நல்லதுல ஒண்ணப் புடிச்சு அந்தக் கூண்டுல போட்டேன்."

அவள் திரும்பி வந்தபோது பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, அவளுக்கானதை விரித்துப் பிடித்திருந்தார்கள்.

பெனிட்டா போர்த்திக்கொண்டாள்.