திறந்து காட்டிய பெட்டகம்

"வந்தவங்களுக்குக் கோப்பி குடுத்தது சரி, அக்கா. பெட்டகத்தையும் ஏன் திறந்து காட்டினனீங்கள்?"

வந்ததிலிருந்து நித்தியானந்தன் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி அதுதான். கமலநாயகி மேசை விரிப்பின் சுருக்கத்தை இழுத்து நேராக்கினாள்.

புகலிட நாட்டில், ஹம் நகரின் துப்பாக்கிக் கழகத்தில் தமிழர் இரண்டே பேர். ஒருவர் கமலநாயகியின் கணவர் நவரத்தினம். மற்றவன், அவரிடமிருந்து அந்தப் பித்துத் தொற்றிக்கொண்ட நித்தியானந்தன். பெரிய துப்பாக்கிகளை நவரத்தினம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னஞ்சிறு தோட்டாக்களைச் சுடும் பழைய ரைபிள்களும் பிஸ்ரல்களுமே அவருடைய உலகம்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மனுசன், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வாங்குது" என்று கோவில் திருவிழாவில் யாராவது சீண்டினால், "அது ஆளைச் சுடுறது. இது கடதாசியைச் சுடுறது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் அவருடைய மகன் பிருந்தன் நெடுஞ்சாலை விபத்தில் இறப்பதற்கு முந்திய கதை.

போன மாதம் நவரத்தினம் கண் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில், துப்பாக்கிகள் முறைப்படி பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். துப்பாக்கிப் பெட்டகத்தின் பூட்டைத் திறக்கும் இலக்கம் அனுமதி பெற்றவரைத் தவிர வேறு எவருக்கும், மனைவிக்கும்கூட, தெரியக்கூடாது என்பது சட்டம். கமலநாயகியோ அவர்களை வரவேற்று, கோப்பி கொடுத்து, தானே இலக்கத்தை அமத்திக் கதவைத் திறந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டினாள். ஒழுங்கை மெச்சிவிட்டுப் போனவர்கள் அனுமதியைப் பறித்துவிட்டார்கள். இருப்பதையெல்லாம் அனுமதியுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். அதற்குத்தான் நித்தியானந்தன் காரோடு வந்திருந்தான்.

"இன்னும் ஒரு வழி இருக்கக்கா. சட்டத்தரணியோடை கதைச்சனான். 'அவர் இலக்கத்தைச் சொல்லேல்லை, நானாய்க் கண்டுபிடிச்சுத் திறந்தனான்' எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அண்ணையிலை பிழையில்லையெண்டு வாதாடலாமாம்."

"அவர்தான் சொன்னவர்" என்றாள் கமலநாயகி. "கிழமைக்கொருக்கால் நான் திறந்து தூசி தட்டுறனான்."

பக்கத்து அறையிலிருந்து நவரத்தினத்தின் உடைந்த குரல் வந்தது.

"எப்பயடி சொன்னனான்? செத்த பிள்ளையாணை, நான் சொல்லேல்லை!"

"உங்களுக்கு மறதி."

நித்தியானந்தன் தலையைக் குனிந்துகொண்டான். விளையாட்டுக்கும் பொய் சொல்லாதவள் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவள் கமலநாயகி. அப்படியென்றால், அண்ணைக்கு நினைவும் தடுமாறத் தொடங்கிவிட்டது.

துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக உறையிலிட்டான். நவரத்தினம் நாற்காலியை விட்டு எழவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பனைப்போலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அதுக்கு எண்ணெய் கூட விடாதை... இது கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், குறியை நீ அதுக்கேத்தமாதிரித் திருப்பு... உதின்ரை கட்டையிலை ஈரம் படவிடாதை, நித்தி."

கடைசியாக மிஞ்சியது ஒரு பிஸ்ரல். அதை மட்டும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"இதொண்டை விட்டிட்டுப் போவன், தம்பி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஏலாதண்ணை. என்ரை அனுமதியும் போயிடும்."

அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அதை எடுக்கவேண்டியிருந்தது. நவரத்தினம் அழவில்லை. வெறுமையாகிப்போன பெட்டகத்தைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

நித்தியானந்தன் எல்லாவற்றையும் காரில் ஏற்றி முடிக்கையில், தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு கமலநாயகி படியிறங்கி வந்தாள். அவளைக் கண்டதும், அடக்கி வைத்திருந்த கோபம் அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பிருந்தன் போன பிறகு அந்த மனுசனை உயிரோடை வைச்சிருந்ததே இந்தத் துவக்குகள்தான், அக்கா! இனி அவருக்கு என்ன இருக்கு? அவருக்காக ஒரேயொரு பொய் சொன்னால் குறைஞ்சோ போவியள்?"

கமலநாயகி மேல்மாடி யன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பொய்தான் சொன்னனான், தம்பி. அவர் எனக்கு இலக்கம் சொன்னதேயில்லை. பிள்ளையின்ரை பிறந்தநாளாத்தான் இருக்குமெண்டு நானாய் அமத்திப் பாத்தனான்."

நித்தியானந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப... ஏனக்கா?"

"பின்னேரத்திலை கதவைச் சாத்திப்போட்டுப் பிஸ்ரலைத் துடைக்கிறார் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். ஒருநாள் தேத்தண்ணியோடை திடீரெண்டு கதவைத் திறந்தன்." அவளுடைய விரல் தன்னையறியாமல் நெற்றிப்பொட்டைத் தொட்டது. "அவர் துடைக்கேல்லை, தம்பி. நான் கண்டது தெரிஞ்சால் வெக்கத்திலை வேறை வழி தேடுவார். அதைவிட, நான் ஒண்டும் தெரியாத விசரியாவே இருந்திட்டுப் போறன்."

தோட்டாப் பெட்டியை அவன் கையில் வைத்தாள்.

"அவர் வீட்டிலை இல்லாத நேரத்தைச் சொல்லி, அந்த அதிகாரியளை வரச்சொல்லி ரெலிபோன் எடுத்ததே நான்தான்."