எட்டாம் எண்காரர்

டாக்டரம்மா பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்ததும் பன்னிரண்டு ஆண்களும் கப்சிப் ஆனார்கள்.

சூதாட்டத்தை விடுவதற்காக வாராவாரம் இங்கே வட்டமாக உட்காருகிறவர்கள். யார் முதலில் மனம்விட்டுப் பேசுவது என்று போன மாதம் தகராறு வந்ததாம். அதனால் ஆளுக்கு ஒரு எண், டப்பாவில் சீட்டு, குலுக்கல். எந்தப் புண்ணியவதிக்குத் தோன்றும் இப்படி ஒரு வைத்தியம்!

“நாலு வாரமா ஒருத்தர்கூட லீவு போடல. என்ன அக்கறை பாருங்க!” என்று டாக்டரம்மா என்னிடம் பூரித்துப்போனார்.

போடுவார்களா பின்னே? மகள் பிறந்ததற்கு மறுநாள் சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதே மனுஷன் இங்கே அரைமணி நேரம் முன்னதாக வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்திருந்தார். அதுதான் ராசியாம்.

ஆறு மாதமாக நானும் மகளும் அக்கா வீட்டில் இருக்கிறோம். திரும்பிப் போவதா, அடியோடு விலகிவிடுவதா என்று இன்றைக்கு நான் சொல்லியாக வேண்டும். வந்து ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று டாக்டரம்மாதான் கூப்பிட்டிருந்தார்.

பார்த்தேன். முடிதிருத்துகிறவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். பேங்க்காரர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் காலை ஆட்டிக்கொண்டே வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, “இன்னைக்கு எட்டுதான் விழும், பாரு” என்று கண்ணடித்தார்.

எட்டு அவருடைய எண்.

என் வளையல்களை எடுத்துக்கொண்டு அவர் சூதாடக் கிளம்பிய அன்றைக்கும் இதே முகம்தான். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள், திருந்த வந்த இடத்திலும் இதே புத்தியா?

டப்பா குலுங்கியது. டாக்டரம்மா ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

மூன்று.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மூன்றாம் எண்காரரான டெய்லர் வாயெல்லாம் பல்லாக எழுந்து, தன் குடும்பம் நாசமான கதையைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார்.

டப்பாவைக் குலுக்க ஆரம்பித்தபோதே நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். எட்டு விழுந்தால் அவரோடு வீட்டுக்குப் போவது. விழாவிட்டால் அத்தோடு சரி.

“டாக்டரம்மா, சரியாக் குலுங்கவே இல்ல! இன்னொரு தடவை குலுக்குங்க!”

கத்தியது நான்தான்.

பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பேங்க்காரர் மட்டும் எழுந்து, வட்டத்தைக் கொஞ்சம் விலக்கி எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.