சுரண்டிய பெயர்

அந்நகரத்தில் கொள்ளைநோய் கண்ட வீட்டை வெளியே பூட்டி, கதவில் 'சர்வேசுரனே, இரங்கும்' என்று சிவப்புச் சாயத்தால் எழுதிவைப்பது சட்டம். ஆட்சி கவிழ்ந்தது. கடவுளைப் பராபரன் என்றுதான் அழைக்கவேண்டும் என்ற கட்சியார் பதவி ஏறியதும், எல்லாக் கதவுகளிலும் பெயரை மாற்றும்படி முதல் ஆணையைப் பிறப்பித்தார்கள்.

சாயக்காரன் சூசை ஒரு கதவில் பழைய பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து பெண்குரல் கேட்டது. "யாரு அது? பூட்டத் தொறக்கியளா?"

"இல்லம்மா. சாமி பேர மாத்துதேன்."

"எம் புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. ஒரு வாய் தண்ணி குடுங்கய்யா."

சூசை வாசலில் காவல் நின்ற காவலனைப் பார்த்தான். அவன் செம்பு நீரில் வாய் கொப்பளித்துத் துப்பினான். "தண்ணிக்கு உத்தரவு இல்லவே. எழுத்துக்குத்தான் உண்டு. வேலையப் பாரும்."

"எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா தண்ணி வரும்? அதயாவது சொல்லுங்க" என்றாள் அவள்.

சூசை சுரண்டுவதை நிறுத்தித் திரும்பினான். "ஒங்க பேரென்ன அண்ணாச்சி?" என்று காவலனைக் கேட்டான்.

"தொம்மை. எதுக்கு?"

சூசை தூரிகையை முக்கி, 'இரங்கும்' என்பதற்கு முன்னால், சுரண்டிய இடத்தில், முழ உயர எழுத்தில் 'தொம்மையே' என்று எழுதினான். தெருவில் போனவர்கள் நின்று அதை உரக்க வாசிக்கத் தொடங்கினார்கள்.