நான்காவது கோடு

பெரியவர்களுக்குக் கவனச்சிதறல் இருக்கிறதா என்று சோதிக்கும் அந்த டாக்டரம்மா, பதினெட்டுக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். ஆனால் தாளைவிடக் கதவைத்தான் நம்புவார். சோதனை முடிந்து போனவர் மறந்த பொருளுக்காகத் திரும்பி வந்தால், கோப்பின் ஓரத்தில் சத்தமில்லாமல் ஒரு கோடு போடுவார்.

அன்று வந்தவர் கட்டட வரைபடம் போடுகிறவர். இரண்டு வேலை கைநழுவிப் போயிருந்தது, மூன்றாவது ஊசலாடிக்கொண்டிருந்தது.

"வேணும்னு செய்யறேன்னு நெனைக்கிறாங்க டாக்டர். எம் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்கறா," என்றார். பேசி முடிக்கும்வரை அவருடைய இடது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

போனவர் குடைக்காகத் திரும்பி வந்தார். பிறகு கண்ணாடிக்காக. பிறகு, நிரப்பிய தாளைக் கையோடு கொண்டுபோய்விட்டதால் அதைக் கொடுக்க. மூன்று கோடு. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

நான்காவது முறை கதவைப் பாதி திறந்து, வெளியிலேயே நின்றார்.

"இன்னும் எதையோ விட்டுட்டுப் போயிட்டேன் டாக்டர். என்னன்னுதான் பிடிபடல. ஆனா மனசு என்னமோ லேசா இருக்கு."

அவருடைய கால்கள் இரண்டும் அசையாமல் இருந்தன.

டாக்டரம்மா பேனாவை எடுத்தபடியே, கதவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தார். அதில் அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். இடது கால் ஆடிக்கொண்டிருந்தது.

"கெடச்சுதா டாக்டர்?" என்று வாசலில் இருந்தவர் கேட்டார்.

நாற்காலியில் இருந்தவர், சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார்.