கொத்தனார் என்றால்

பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை.

ஆட்கள் பட்டியலின் ஏழாவது வரியில் அவள் பெயர் இருந்தது. மரியபுஷ்பம். எதிரே, தொழில் என்ற இடத்தில், சித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். சித்தாளேதான்.

அடப்பாவி மனுஷா!

பதினோரு வருஷமாகக் கொத்துக்கரண்டி பிடிக்கிற கை. மேசைக்குப் பின்னால் நிற்கிறதே சுவர், அதன் மூலையை எழுப்பியது அவள்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாலும் மயிரிழை விலகாது. சாந்து சுமக்கிறவளை நம்பியா மூலையை விடுவார்கள்?

பட்டியல் எழுதியவர் காண்டிராக்டர் அருமைநாயகம். அந்த மூலையை அவளை நம்பி விட்டவரும் அவரேதான்.

இன்று அவர் கட்டடத் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். போட்டால்தான் துறைமுகக் குடியிருப்பு வேலை கைக்கு வரும். ஆட்கள் எல்லோரும் அவரவர் தொழிலுக்கு எதிரே கையெழுத்திட வேண்டும். நாளை முதல், பட்டியலில் கொத்தனார் என்று இருப்பவர் மட்டும்தான் கரண்டியைத் தொடலாம். வேறு யார் தொட்டாலும் சங்கம் வேலையை நிறுத்திவிடும்.

இதையெல்லாம் வாசித்துச் சொன்னவர் சங்கச் செயலாளர் தவசிமுத்து. நல்ல மனுஷர்தான். அவர் கண்ணையும் அந்த வரி உறுத்தவில்லை.

அவளிடம் பூச்சு வேலை பழகிய செல்லத்துரை, நாலாவது வரியில் கொத்தனார். நாளைக்கு அவனுக்கு அவள் சாந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.



“ஏ புஷ்பம், என்னத்த யோசிக்க? சட்டுனு போடு” என்றார் அருமைநாயகம்.

அவள் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

அவர் சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“கொத்தனார்னா ஆம்பளைல்லா? பொம்பளைக்கு அப்படி ஒரு சொல்லே கெடையாது. நான் என்னத்த எழுத?”

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். செல்லத்துரை மட்டும் தரையைப் பார்த்தான்.

அவள் சத்தம் போடவில்லை.

“ஒங்க அம்மா எறந்தப்ப ஊரு பூரா ‘தாயார்’னு நோட்டீசு ஒட்டுனீயளே அண்ணாச்சி. அதுலயும் ‘ஆர்’ இருக்கே, அவுக ஆம்பளையா?”

சிரிப்பு நின்றது.

பேனாவை மூடி அவர் முன்னால் வைத்தாள். இடுப்பிலிருந்த கரண்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

தவசிமுத்து இப்போதுதான் திரும்பி அந்தச் சுவரின் மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு கையெழுத்து கொறஞ்சாலும் ஒப்பந்தம் செல்லாது, அண்ணாச்சி.”

அருமைநாயகம் பேனாவைத் திறந்தார். சித்தாளின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே எழுத ஆரம்பித்தார்.

‘கொத்தனா’ வரை வந்தது.

பேனா அங்கேயே நின்றது.

அவளும் நின்றாள். இன்னும் ஓர் எழுத்துதான்.