சட்டைக் கையில் எத்தனை கோடு

சலவைக் கடையின் ஜன்னல் வழியே மதிய வெயில் இஸ்திரி மேசைவரை நீண்டு கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் கொரியத் தொடர் ஓடுகிறது. மூன்று நாளாகத் தனியாகக் காட்டில் ஒளிந்திருந்ததாகச் சொல்பவன் போலீஸ் முன் நிற்கிறான். இஸ்திரி போடும் அக்கா பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள். "புளுகுறான். சட்டைக் கையப் பாரு, கத்தி மாதிரி ஒரே கோடு. பழகுன கை தேச்சது. பொண்டாட்டிதான் ஒளிச்சு வெச்சிருக்கா. இந்தத் தொடர ஜப்பான்காரன் எடுத்திருந்தா ரெண்டாவது வாரமே குட்ட உடைச்சிருப்பான், இவனுங்க பத்து வாரம் இழுப்பானுங்க." பக்கத்தில் துணி மடிப்பவள் சிரிக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போன அவள் கணவன், பத்து நாள் கழித்து நேற்றுதான் பிள்ளையைப் பார்க்க வந்துபோனான். மடித்த துணியையே மறுபடி மடிக்கிறாள். "தனியாத்தான் இருக்கேன்னு சொன்னாருக்கா. ஆனா தேச்ச சட்டை போட்டிருந்தாரு." அக்கா தொடரை நிறுத்துகிறாள். பெட்டியின் ஆவி மட்டும் புஸ்ஸென்கிறது. "கையில எத்தனை கோடு?" மடிப்பவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். "ரெண்டு... இல்ல, மூணு. கோணல்மாணலா." "அப்ப அவரே தேச்சதுதான்," என்று பெட்டியைத் தூக்குகிறாள் அக்கா. "உன் முன்னாடி வந்து நிக்கணுமேன்னு தேச்சிருக்காரு."